முன்வினையும் பிள்ளையின் மனமும்

போடிநாயக்கனூரிலிருந்து போடிமெட்டு வழியாக இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குக் கூலிவேலைக்குச் செல்லும் பெண்கள் விடியுமுன் தூக்குச்சட்டியோடு ஜீப் ஏறி, பொழுது சாயும் வேளையில் வீடு திரும்புவதால், தம்பி தங்கையைக் குளிப்பாட்டிச் சோறூட்டும் பொறுப்பு பல வீடுகளில் மூத்த பிள்ளையின் தலையில் விழுகிறது. அப்பிள்ளை வகுப்பில் பேசாமல் ஒடுங்கியிருந்தாலோ, சக மாணவரோடு ஓயாமல் சண்டையிட்டாலோ, அது அதன் தலையெழுத்து என்று ஊர் சொல்லிவிடுகிறது. இது சமய நோக்கிலேனும் சரியான கூற்றா?

சைவ சித்தாந்தம் வினையைச் சஞ்சிதம், பிராரத்தம், ஆகாமியம் என மூன்றாகப் பகுக்கிறது. முன்பே சேர்ந்து கிடப்பது முதலாவது, இப்பிறப்பில் நுகரப்படுவது இரண்டாவது, நுகரும்போதே புதிதாக ஈட்டப்படுவது மூன்றாவது. பிள்ளையின் துன்பத்தைப் பிராரத்தம் என்றே கொண்டாலும், அதைக் கண்டும் கைகட்டி நிற்கும் பெரியவருக்கு அந்நிற்றலே ஆகாமியமாகிறது. ஊழுக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவர் ஆள்வினையுடைமைக்கும் ஓர் அதிகாரம் வகுத்தார்.

வறுமை, குடும்பப் பூசல், தந்தையின் குடி, தாயின் மனச்சோர்வு முதலியவற்றை உளவியலார் இடர்க்காரணிகள் என்பர்; அதாவது, அவை சிக்கல் எழும் வாய்ப்பைக் கூட்டுமேயன்றி முடிவை எழுதிவிடுவதில்லை. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த குழந்தைகளை எம்மி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்து ஆராய்ந்தபோது, இத்தகைய இடர்கள் பல ஒருங்கே சூழ்ந்தவர்களிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் நன்கு வளர்ந்திருந்தனர். பாட்டியோ ஆசிரியரோ, அக்கறையுள்ள ஒருவரேனும் வாய்த்திருந்தது அவர்களுக்குப் பெருந்துணையாயிற்று.

ஆதலால் மலையடிவாரப் பள்ளிகளில் பிந்தி வரும் பிள்ளையை வாசலில் நிறுத்தித் தண்டிக்குமுன், காலையில் அவ்வீட்டில் பெரியவர் யார் இருந்தார் என்று ஆசிரியர்கள் கேட்டறிய வேண்டும்.