மனம் கேட்கும் ஊர்

வியாழக்கிழமை மாலையானால் போதும், பெங்களூரில் வேலை பார்க்கும் நம்மில் பலருக்குள் ஒரு கேள்வி மெல்லத் தலைதூக்கும். இந்த வாரம் எங்கே போகலாம்? லீவு சொல்ல வேண்டாம், ரயிலுக்கு முன்பதிவு வேண்டாம். சனிக்கிழமை விடியலில் வண்டியை எடுத்தால் ஞாயிறு இரவுக்குள் திரும்பிவிடக்கூடிய ஓர் இடம் இருந்தால் போதும். எளிய கேள்விதான். ஆனால் அதைக் கேட்பது யார் என்று சற்று நின்று கவனித்திருக்கிறோமா? ஐந்து நாளும் திரையைப் பார்த்துக் களைத்த கண்ணா? நாற்காலியில் மடங்கியே கிடந்த காலா? இல்லை, இவற்றுக்கெல்லாம் அடியில், ஊரை விட்டு வந்த நாளிலிருந்து பேசாமல் உட்கார்ந்திருக்கும் வேறு ஏதாவதா?

சொந்த ஊருக்குப் போய்வர ஒரு சனி ஞாயிறு போதாது. மதுரைக்காரரும் திருநெல்வேலிக்காரரும் வெள்ளி இரவு பேருந்து ஏறி, ஞாயிறு இரவு மறுபடி ஏறி, திங்கள் காலை மடிவாளாவில் கண்ணெரிய இறங்கி, அப்படியே அலுவலகம் போவதை மாதம் ஒருமுறை செய்யலாம். வாராவாரம் உடம்பு தாங்காது. மீதி வாரங்களில் அறைக்குள்ளேயே கிடந்தால் நான்கு சுவரும் நெருங்கி வருவதுபோல் இருக்கிறது. ஊருக்குப் போக முடியாத வாரங்களில்தான் நாம் ஊர் தேடுகிறோம். அந்தத் தேட்டத்தில் குற்றம் ஒன்றுமில்லை. அதை அடக்கவும் வேண்டாம், விரட்டவும் வேண்டாம். அது எதைத் தேடுகிறது என்று மட்டும் பொறுமையாகக் கேட்டுப் பார்க்கலாம்.

கேட்காமல் விட்டால் என்ன ஆகிறது என்பது நமக்கே தெரியும். கைப்பேசியில் வரைபடத்தைத் திறக்கிறோம். நந்தி மலை, மேலுகோட்டை, சிரவணபெளகொளா, சோமநாதபுரம், தலக்காடு, லேபாட்சி, ஏலகிரி, ஒகேனக்கல் என்று நாலாபுறமும் பெயர்கள் மினுங்குகின்றன. எல்லாமே மூன்று நான்கு மணி நேரத்தில் தொட்டுவிடக்கூடியவை. தொட்டுவிடலாம் என்பதாலேயே ஆசை பெருகுகிறது. ஒன்றைத் தேர்ந்தால் மற்றவை கைவிட்டுப் போகின்றனவே என்று ஒரு சிறு துக்கம். அந்தத் துக்கத்தைத் தவிர்க்கத்தான் காலையில் சோமநாதபுரம், மதியம் தலக்காடு, மாலையில் சிவனசமுத்திர அருவி என்று ஒரே நாளில் மூன்றையும் கோத்துவிடுகிறோம். கல்யாணப் பந்தியில் எல்லாவற்றையும் இலையில் வாங்கிக்கொண்டு எதையும் ருசிக்காமல் எழுந்துவிடுவது போன்ற பயணம் அது. சோமநாதபுரத்துக் கேசவர் கோயில் பதின்மூன்றாம் நூற்றாண்டில் எழுந்தது. அதன் வெளிச்சுவரில் யானையும் குதிரையும் கொடியும் அன்னமும் வரிசை வரிசையாக ஓடுகின்றன. ஒரே ஒரு வரிசையைக் கண்ணால் முழுதாகச் சுற்றி வரவே அரைமணி நேரம் வேண்டும். முக்கால் மணி நேரத்தில் கோயிலையே முடித்துவிட்டு வண்டிக்குத் திரும்பும் மனம் அங்கே இருக்கும்போது தலக்காட்டில் இருந்தது. தலக்காடு போனதும் அது அருவிக்குப் போய்விடும்.

ஆகவே முதலில் ஒன்றே ஒன்று. ஒரு வார இறுதிக்கு ஓர் இடம். இப்படி முடிவு செய்ததுமே மனத்தில் ஒரு தளர்வு வருவதைக் கவனியுங்கள். இன்னும் வண்டியைக்கூட எடுக்கவில்லை, ஆனாலும் ஓட்டம் பாதி அடங்கிவிடுகிறது.

எந்த இடம் என்பதற்கும் ஒரு வழி உண்டு. அங்கே பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பதற்கு முன், இந்த வாரம் எனக்குள் எது கனத்துக் கிடக்கிறது என்று கேட்டுப் பார்க்கலாம். கனம் எதுவென்று தெரிந்தால் திசை தானே தெரிகிறது.

ஆசை கனக்கும் வாரங்கள் உண்டு. பக்கத்து இருக்கைக்காரரின் சம்பள உயர்வு, நண்பரின் புதுக் கார், யாரோ வாங்கிய வீடு. அப்படிப்பட்ட வாரத்துக்கு நந்தி மலை நல்லது. ஆனால் எல்லாரும் போகும் வழியில் போக வேண்டாம். நகரிலிருந்து வடக்கே 60 கிலோமீட்டர் என்பதால் வார இறுதியில் விடியுமுன்பே பைக்கும் காருமாக மலையடிவாரத்தில் வரிசை கட்டி நிற்கும். எல்லாருக்கும் சூரிய உதயம் வேண்டும். 1,478 மீட்டர் உயரத்தில் பல நாள் காலையில் கிடைப்பதோ மூடுபனி. மூன்று மணிக்கு எழுந்து வந்தோமே என்று முகம் வாடி நிற்பவர்களைச் சுற்றி, கையெட்டும் தூரத்தில், வெண்மையாக, குளிர்ந்து, மௌனமாக ஒரு மேகம் நிற்கிறது. அதை யாரும் பார்ப்பதில்லை. பார்க்க வந்தது வேறொன்றாயிற்றே! ஆசை செய்யும் வேலை இவ்வளவுதான். கிடைத்ததைக் கண்ணிலிருந்து மறைத்துவிடும்.

நீங்கள் மலைக்கு ஏறுமுன் அடிவாரத்து நந்தி கிராமத்தில் நிறுத்துங்கள். அங்கே போக நந்தீசுவரர் கோயில் இருக்கிறது. ஒன்பதாம் நூற்றாண்டில் தொடங்கி, நுளம்பர், சோழர், ஹொய்சளர், விஜயநகரத்தார் என்று பல கைகள் தொட்டு வளர்த்த கோயில். ஒரே வளாகத்தில் அருணாசலேசுவரர், உமாமகேசுவரர், போக நந்தீசுவரர் என மூன்று சந்நிதிகள். அருணாசலேசுவரர் சிவனின் பாலப் பருவம், போக நந்தீசுவரர் இளமை, நடுவிலிருக்கும் உமாமகேசுவரர் திருமணக் கோலம் என்று மரபு சொல்கிறது. அந்த நடுச் சந்நிதியின் கல்யாண மண்டபத்தில் நான்கு கருங்கல் தூண்கள். சிவனும் பார்வதியும், திருமாலும் திருமகளும், பிரமனும் கலைமகளும், அக்கினியும் சுவாகாவும் ஜோடி ஜோடியாக அவற்றில் நிற்கிறார்கள். நகைகளின் ஒவ்வொரு மணியும் தனித்தனியாகத் தெரியும்படி சிற்பி இழைத்திருக்கிறார். சிவனின் கடைசிப் பருவம் மலையுச்சியில் இருக்கிறது. அங்கே அவர் யோக நந்தீசுவரர், துறவி. அதனால் அவருக்கு விழா எதுவும் இல்லை என்பார்கள்.

இந்த அமைப்பை எண்ணும்போதெல்லாம் ஒரு நிம்மதி வருகிறது. உச்சியில் துறவை வைத்தவர்கள் அடிவாரத்தில் ஆசையை இடித்துத் தள்ளவில்லை. அதற்கும் ஒரு சந்நிதி கட்டி, விளக்கேற்றி, மேளம் வாசித்தார்கள். நம் மனத்திலும் அவ்விதமே இருக்கட்டும். கார் ஆசையும் வீட்டாசையும் கீழே தம் சந்நிதியில் இருக்கட்டும். மேலே ஏறும் நேரத்தில் அவற்றை உடன் இழுத்துக்கொண்டு போகாமல் இருந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தென்பெண்ணையும் பாலாறும் இந்த நந்தி மலை வட்டாரத்தில்தான் பிறக்கின்றன. திருக்கோவிலூர்க்காரரும் கடலூர்க்காரரும் வாணியம்பாடிக்காரரும் இங்கே வந்து நிற்கும்போது, தாம் விட்டு வந்த ஆற்றின் பிறப்பிடத்தில் நிற்கிறார்கள். பெல்லந்தூரில் குடியிருப்பவர்களுக்கு ஒரு செய்தி: நுரைக்குப் பேர்போன உங்கள் ஏரி நிறைந்து வழிந்தால் வர்த்தூர் ஏரிக்குப் போய், அங்கிருந்து தென்பெண்ணையில்தான் சேர்கிறது. நாம் இங்கே கழுவி ஊற்றும் தண்ணீர் நமக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்துவிடுகிறது. பெருமைப்படும்படியான நிலையில் அது போய்ச் சேரவில்லை என்பது வேறு விஷயம்.

கோபம் கனக்கும் வாரங்களும் உண்டு. கூட்டத்தில் எல்லார் முன்னும் ஒருவர் சொன்ன சொல், நம்மை விட்டுவிட்டு இன்னொருவருக்குப் போன பாராட்டு. அப்போது நெலமங்கலா, குனிகல் வழியாக ஹாசன் சாலையில் சிரவணபெளகொளாவுக்குப் போகலாம். விந்தியகிரிப் பாறையில் வெட்டிய அறுநூற்றுக்கும் மேற்பட்ட படிகளைச் செருப்பில்லாமல் ஏற வேண்டும். வெயில் ஏறிய பின் பாறை சுடும் என்பதால் காலையிலேயே ஏறிவிடுவது உத்தமம். மேலே 57 அடி உயரத்தில் கோமடேசுவரர் எனப்படும் பாகுபலி. கங்கர்களின் அமைச்சர் சாவுண்டராயர் சுமார் 981இல் ஒரே கல்லில் செதுக்குவித்தது. காலடியில் உள்ள கல்வெட்டுகளில் கன்னடம், மராத்தியோடு, இதைச் செய்வித்தவர் யார் என்று சொல்லும் தமிழ் வரியும் உண்டு. வேற்றூரில் நம் மொழி நமக்கு முன்பே வந்து, ஆயிரம் ஆண்டுகளாக அங்கேயே இருக்கிறது.

முகத்தைப் பார்த்தது போதும், பாதத்துக்கு வாருங்கள். எல்லாரும் அண்ணாந்து பார்த்துவிட்டு இறங்கிவிடுவார்கள். கால்களின் இரு பக்கமும் புற்று எழுந்திருக்கிறது. புற்றிலிருந்து பாம்புகள் எட்டிப் பார்க்கின்றன. ஒரு கொடி தொடையைச் சுற்றி ஏறி, கைகளையும் பற்றித் தோளை நெருங்குகிறது. அசையாமல் நின்ற ஒருவர்மேல் காடு வளர்ந்துவிட்டது. ஆனால் ஜைன மரபு இங்கே ஒரு நுட்பத்தை வைக்கிறது. அண்ணன் பரதனை மூன்று போட்டியிலும் வென்ற பாகுபலி, வென்ற கணத்திலேயே அனைத்தையும் துறந்தார். ஓராண்டு இப்படி நின்றார். ஆனாலும் ஞானம் வரவில்லை. தான் நிற்பது அண்ணனின் மண் என்ற ஒரு சிறு எண்ணம் உள்ளே உறுத்திக்கொண்டே இருந்ததாம். பரதன் வந்து வணங்கியபோதுதான் அது கழன்றது. கொடி தோள்வரை ஏறும் அளவுக்கு அசையாமல் நின்றவருக்கும் உள்ளே ஒரு முள். அந்தக் கூட்டத்தில் கேட்ட சொல்லை நாம் ஒரு வாரமாகச் சுமப்பதில் வியப்பென்ன? நம்மை நாமே கடிந்துகொள்ள வேண்டாம். அது இருக்கிறது என்று தெரிந்துகொண்டால் போதும், மெல்ல இளகத் தொடங்கும்.

தனிமை கனக்கும் வாரத்துக்கு மேலுகோட்டை. மண்டியாவுக்கு அப்பால் ஒரு மலையூர். சோழ அரசனால் வந்த நெருக்கடியில் ஸ்ரீரங்கத்தை விட்டு வந்த இராமானுஜர் பன்னிரண்டு ஆண்டுகள் இங்கே வாழ்ந்தார் என்கிறது வைணவ மரபு. விருப்பத்தோடு வந்தவரில்லை அவர். ஆயினும் அரங்கம் இருக்கும் திசையைப் பார்த்தபடியே நாளைக் கழிக்கவும் இல்லை. செல்வநாராயணர் கோயிலை ஒழுங்கு செய்தார், வழிபாட்டு முறைகளை வகுத்தார், வந்த இடத்து மக்களைத் தம்மவராக்கிக்கொண்டார். அவர் திரும்பும் காலம் வந்தபோது சீடர்கள் பிரிவைத் தாங்காமல் கலங்க, தம் உருவத்தையே அவர்களுக்கு விட்டுச் சென்றார். அது தமர் உகந்த திருமேனி என்ற பெயரோடு இன்றும் அங்கே இருக்கிறது. கோயிலில் பிரபந்தம் ஓதும் வேளையாக அமைந்துவிட்டால், கன்னட நாட்டு மலையில் தமிழ் ஒலிப்பதைத் தூணில் சாய்ந்து கேட்டுக்கொண்டிருக்கலாம். பிறகு கல்யாணிக் குளத்துப் படியில் உட்கார்ந்து, இந்த ஊருக்கே பேர் வாங்கித் தந்த புளியோதரையைச் சாப்பிடலாம். அறைக்கும் அலுவலகத்துக்கும் நடுவே நடந்து நடந்து, இந்த நகரத்தில் நாம் எதையாவது நம்முடையதாக்கிக்கொண்டோமா என்ற கேள்வி அங்கே கனிவாகத்தான் எழும்.

மேலுகோட்டைக்கு ஒருமுறை போய்வந்தபின் மறுபடியும் போகலாம். மழைக்காலத்தில் ஒன்று, பனியில் ஒன்று. பார்த்த இடத்தையே பார்ப்பதா என்று மனம் சலிக்கும்; சலித்து முடித்தபின்தான் பார்க்கத் தொடங்கும்.

திரும்பி வருவதற்கும் ஒரு பொழுதை ஒதுக்குங்கள். ஞாயிறு மதியமே கிளம்பிவிடுவது நல்லது. 2023இல் திறந்த மைசூர் விரைவுச்சாலையில் காரில் வேகமாக வந்துவிடலாம். பைக்கில் போகிறவர்களுக்குப் பிரதான சாலையில் அனுமதி கிடையாது, சர்வீஸ் ரோடுதான். எப்படி வந்தாலும், மாலையாகிவிட்டால் நகரின் வாசலில் எல்லாரும் ஒன்றாக நிற்க வேண்டியதுதான். கணிமினிகே சுங்கச்சாவடியில் முன்வண்டியின் ஃபாஸ்டேக் வேலை செய்யாமல் வரிசை நிற்கும்போது, பின்னால் இருப்பவர் விடாமல் ஹாரன் அடிக்கும்போது, குளத்துப் படியில் கிடைத்த அமைதி எத்தனை தூரம் கூட வந்திருக்கிறது என்று நமக்கே தெரிந்துவிடும். பெரும்பாலும் பாதி தூரம் வந்திருக்கும். அதுவே நல்ல கணக்குதான்.

ஊரிலிருந்து அம்மாவும் அப்பாவும் வந்து தங்கும் வாரங்களுக்கு மட்டும் கொஞ்சம் வேறு யோசனை வேண்டும். விந்தியகிரிப் படிகளுக்கு டோலி கிடைக்கும் என்றாலும், முட்டி வலி உள்ளவர்களை மேலுகோட்டையின் யோக நரசிம்மர் மலைக்கும் கோமடேசுவரர் பாறைக்கும் அழைத்துப் போய் வருத்த வேண்டாம். நந்தி அடிவாரத்துக் கோயில் சமதரை. சாய்ந்துகொள்ளத் தூண்கள் ஏராளம். போகும் வழியில் தோசைக்கு ஒருமுறை, காபிக்கு ஒருமுறை நிறுத்துங்கள். அங்கே போனதும், “போதும்ப்பா, நான் இங்கேயே கொஞ்சம் உட்கார்றேன்” என்று அம்மா மண்டபத்தில் கால் நீட்டிவிடுவார். மலைமேல் இன்னும் பார்க்க நிறைய இருக்கிறதே என்று அவசரப்படுத்தாமல் பக்கத்தில் உட்காருங்கள். எழுந்திருப்பதை அவரே முடிவு செய்யட்டும்.