நோயின் பெயர் யாருக்கு?

காய்ச்சல், வயிற்றுப்போக்கு, மஞ்சள் காமாலை, முதுகுவலி: விடுப்பு விண்ணப்பத்தோடு இணைந்து வரும் மருத்துவச் சான்றிதழ்களில் நாம் காண்பவை பெரும்பாலும் இவையே. மனச்சோர்வு என்றோ, வலிப்பு என்றோ, கருச்சிதைவு என்றோ எழுதிய தாள் ஒன்று அலுவலக எழுத்தரின் மேசைக்கு வருவது அரிது. அந்நோய்கள் நம்மிடையே இல்லாமற் போய்விடவில்லை. சொன்னால் தலைகுனிவு நேராத வேறொரு நோயின் பெயரை மருத்துவர் எழுதித் தருகிறார். நோயாளி நன்றியோடு பெற்றுக்கொள்கிறார். மேலதிகாரி நம்பியதாகக் காட்டிக்கொண்டு கையொப்பம் இடுகிறார். மூவரும் நேர்மையாளர்களே. ஆயினும் மூவரும் சேர்ந்து ஒரு பொய்யைக் கோப்பில் கட்டி வைத்துவிடுகின்றனர்.

பொய் சொன்னவரைக் கண்டிப்பது எளிது. அந்தப் பொய்யைச் சொல்லும்படி அவரை நெருக்கியது எது என்று கேட்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

சான்றிதழின் அமைப்பைச் சற்றே கூர்ந்து நோக்குவோம். மத்திய அரசு ஊழியருக்கான 1972ஆம் ஆண்டு விடுப்பு விதிகளோடு இணைந்த படிவம், இன்னார் இன்ன நோயால் வருந்துகிறார், இத்தனை நாள் பணிக்கு வராதிருப்பது அவர் நலம்பெற இன்றியமையாதது என்னும் பொருள்பட அமைந்தது. இந்திய மருத்துவக் கழகம் 2002இல் வகுத்த நெறிமுறை விதிகளில் உள்ள மாதிரிப் படிவமும் அதே போக்கினதே. வியப்பு என்னவெனில், அதே 2002ஆம் ஆண்டு விதிகள், தொழில்முறையில் அறிந்த நோயாளியின் மறைபொருளை, நீதிமன்ற ஆணை, பிறருக்கு நேரக்கூடிய கடும் ஆபத்து, அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோய் ஆகிய சூழல்களிலன்றி வெளியிடலாகாது என்றும் மருத்துவரைக் கட்டுப்படுத்துகின்றன. மருத்துவரின் வாய்க்குப் பூட்டு. நோயாளியின் கையிலோ ஒரு தாளைத் தந்து, நீயே கொண்டுபோய்க் கொடு என்று அனுப்பிவிடுகிறோம். கொடுக்காவிட்டால் விடுப்பு இல்லை. விடுப்பு இல்லையேல் சம்பளம் இல்லை. இதனை மனமொப்பிய வெளிப்பாடு என்று எவ்வாறு கூறுவது?

தாள் செல்லும் வழியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் பணிபுரியும் ஆசிரியை ஒருவர் கருப்பை அகற்றும் அறுவைக்காக மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தாளை முதலில் வாங்குபவர் பள்ளி எழுத்தர். அடுத்துத் தலைமையாசிரியர், பின்னர்த் தாளாளர், அதன்பின் கல்வித்துறை அலுவலகம். இவர்களுள் எவரும் தீயவர் அல்லர். வம்பு பேசுபவராகக்கூட இல்லாதிருக்கலாம். ஆயினும் ஆசிரியை மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முன்பே ஆசிரியர் ஓய்வறைக்குச் செய்தி சென்று சேர்ந்துவிடும். அவர் மீண்டும் வகுப்புக்கு வரும் நாளில் வராந்தாவில் எதிர்ப்படும் ஒவ்வொரு முகத்திலும் ஓர் இரக்கத்தைக் காண்பார். அவர் கேளாத இரக்கம் அது. கணிதம் கற்பிப்பதில் அவருக்கு இருந்த இருபது ஆண்டுப் பெயருக்கு முன்னால் இப்போது இன்னொரு பெயர் வந்து ஒட்டிக்கொண்டது.

இங்கே நம் மக்களின் இயல்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். 'உடம்புக்கு என்ன?' என்று கேட்பது நமக்குக் குற்றமன்று, கேளாதிருப்பதே குற்றம். நோயுற்றோரைக் காணச் செல்வதை இரக்கச் செயல்களுள் ஒன்றாக எண்ணி வளர்ந்தவர்கள் நாம். ஆரஞ்சும் ரொட்டியும் வாங்கிக்கொண்டு மருத்துவமனைக் கட்டிலருகே நின்று, எந்த மருத்துவர், என்ன மருந்து, எத்தனை தையல் என்றெல்லாம் விசாரிப்பது அன்பின் மொழி. அந்த மொழியை மாற்ற வேண்டும் என்று நான் கூறவில்லை. ஆனால் அண்டை வீட்டாரின் கேள்விக்கு, 'ஒன்றுமில்லை அக்கா, கொஞ்சம் அசதி' என்று சொல்லி நகர முடியும். அவர்கள் கையில் நம் சம்பளம் இல்லை. அலுவலகம் கேட்கும்போது அவ்வாறு நகர வழியில்லை. 'அக்கறையால் கேட்டேன்' என்று கூறும் முதலாளி உண்மையாகவே அக்கறை உடையவராக இருக்கலாம். எனினும் விடை சொல்ல மறுக்கும் உரிமை எதிரே நிற்பவருக்கு இல்லாதபோது அது விசாரணையாகிவிடுகிறது.

முதலாளியின் பக்கமும் நியாயம் உண்டு. அதை மழுப்பிச் செல்லலாகாது. வாரக்கணக்கில் ஒருவர் வராவிட்டால் அவருடைய வேலை உடன் பணிபுரிவோர் தலையில் விழுகிறது. சிறிய நிறுவனம் என்றால் சம்பளமும் தந்து, பதிலாளுக்கும் தர வேண்டியிருக்கிறது. போலிச் சான்றிதழ்கள் விலைக்குக் கிடைக்கின்றன என்பதும் ஊரறிந்த செய்தி. ஆகவே, இவர் மெய்யாகவே பணியாற்ற இயலாத நிலையில் இருக்கிறாரா, எப்போது திரும்புவார், திரும்பியபின் எந்த வேலையை இவருக்குக் கொடுக்கலாம், இவரால் பிறருக்குத் தீங்கு நேருமா என்று அறிய முதலாளிக்கு உரிமை உண்டு.

இவற்றுள் எந்தக் கேள்விக்கும் நோயின் பெயர் விடையாகாது. சர்க்கரை நோய் என்ற பெயரைக் கொண்டு ஒருவர் நாளை வருவாரா, மூன்று மாதம் கழித்து வருவாரா என்று எந்த முதலாளியால் கணிக்க முடியும்? அதற்கு மருத்துவர் வேண்டும். போலியைக் கண்டுபிடிக்கவும் பெயர் உதவாது. பணம் கொடுத்துச் சான்றிதழ் வாங்குபவர் தமக்கு வேண்டிய பெயரையும் சேர்த்தே வாங்கிக்கொள்வார். பெயரைக் கேட்பதால் இடர்ப்படுபவர் மெய்யான நோயாளி மட்டுமே. ஐயம் எழுந்தால் மற்றொரு மருத்துவரிடம் அனுப்பலாம். 1952 முதல் நடைபெற்றுவரும் ஈ.எஸ்.ஐ. திட்டத்தில் மருத்துவ நடுவர் என்னும் பதவி இதற்காகவே உள்ளது.

பெயரில்லாத சான்றிதழால் அலுவலகம் நடக்குமா என்று கேட்போருக்கு ஜெர்மனியைக் காட்டலாம். அந்நாட்டில் நோய்விடுப்புச் சான்றிதழ் நெடுங்காலம் மஞ்சள் நிறத் தாளில் தரப்பட்டது. காப்பீட்டு நிறுவனத்துக்குச் செல்லும் படியில் நோயின் குறியீடு இருக்கும். முதலாளிக்குரிய படியில் இராது. எந்த நாள் முதல் எந்த நாள் வரை பணிக்கு இயலாதவர் என்பது மட்டுமே அதில் உண்டு. 2023 சனவரி முதல் அரசுக் காப்பீட்டில் உள்ளோருக்குத் தாளும் போய்விட்டது. முதலாளி காப்பீட்டு நிறுவனத்திடமிருந்து மின்னணு முறையில் நாள்களை மட்டும் பெற்றுக்கொள்கிறார். ஜெர்மானியத் தொழிற்சாலைகள் இதனால் நின்றுபோய்விடவில்லை. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் தொழிலாளரின் தனிப்பட்ட விவரங்கள் குறித்து 1997இல் வெளியிட்ட நடைமுறை நெறியில், மருத்துவப் பரிசோதனையின் முடிவு மட்டுமே முதலாளிக்குச் சொல்லப்பட வேண்டும், குறித்த வேலைக்குத் தகுதியுண்டா இல்லையா என்பதற்கு அப்பால் மருத்துவச் செய்தி அதில் இடம்பெறலாகாது என்று பரிந்துரைத்துள்ளது.

நம் நீதிமன்றங்கள் இவ்வழியில் சில அடிகள் நடந்திருக்கின்றன. 1989இல் ஆயுள் காப்பீட்டுக் கழகத்தில் தகுதிகாண் பருவத்தில் சேர்ந்த பெண் ஒருவர், 1990 சனவரியில் குழந்தை பெற்றார். மகப்பேறு விடுப்பில் இருக்கும்போதே பிப்ரவரியில் பணிநீக்கம் செய்யப்பட்டார். பணியில் சேரும்போது நிரப்பித் தந்த படிவத்தில் பொய்யுரைத்தார் என்பது கழகத்தின் குற்றச்சாட்டு. அந்தப் படிவத்தை உச்சநீதிமன்றம் கையில் எடுத்துப் பார்த்தது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா, கடைசியாக வந்த நாள் எது, எத்தனை முறை கருவுற்றார், கருக்கலைந்தது உண்டா என்றெல்லாம் அதில் கேட்கப்பட்டிருந்தது. 1991 அக்டோபரில் வழங்கிய தீர்ப்பில், இக்கேள்விகள் பெண்ணின் நாணத்தையும் தன்மதிப்பையும் புண்படுத்துபவை என்று கூறி, அவரை மீண்டும் பணியில் சேர்க்க ஆணையிட்ட நீதிபதிகள், அந்தப் பகுதிகளைப் படிவத்திலிருந்து கழகம் நீக்கிவிடுவது நல்லது என்றும் அறிவுறுத்தினர். பொய் கூறினாரா என்று துருவுவதற்கு முன், கேட்டதே தகுமா என்று நீதிமன்றம் வினவியதை நான் பெரிதாக எண்ணுகிறேன்.

1997இல் பம்பாய் உயர்நீதிமன்றம், எச்.ஐ.வி. கிருமி இருப்பதைக் காரணங்காட்டி விலக்கப்பட்ட தற்காலிகத் தொழிலாளி ஒருவரின் வழக்கை அவருடைய பெயரை வெளியிடாமலேயே விசாரித்தது; வேலை செய்யும் ஆற்றலும் பிறருக்கு ஆபத்தின்மையும் உள்ளவரை அந்தக் கிருமி ஒன்றையே காட்டி ஒருவரை விலக்கலாகாது என்றது. பின்னர் 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், அந்நோய் நிலையை வெளியிடுமாறு ஒருவரைக் கட்டாயப்படுத்துவதற்குத் தடை விதித்தது. ஆக, ஒரு நோய்க்கு வாயில் அடைக்கப்பட்டுவிட்டது. புற்றுநோய்க்கும் மனநோய்க்கும் விடுப்புப் படிவத்தின் கட்டம் இன்னும் திறந்தே கிடக்கிறது.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தில் நலமடைந்த தொழுநோயாளியிடம் இயேசு இரண்டு செய்திகளைக் கூறுகிறார்: இதை எவருக்கும் சொல்ல வேண்டாம்; சென்று குருவிடம் உம்மைக் காட்டும். ஆண்டவர் மௌனம் கேட்டதற்கு விவிலிய அறிஞர் வேறு காரணம் காட்டுவர். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் குருவிடம் போகச் சொன்னது எதற்கு? லேவியர் நூலின்படி, நோய் நீங்கியவர் மீண்டும் மக்களோடு வாழலாம் என்று தீர்ப்பளிக்கும் பொறுப்பு குருவுடையது. இன்றைய வழக்கில் சொன்னால், பணிக்குத் திரும்பத் தகுதிச் சான்றிதழ் தருபவர் அவர். காட்ட வேண்டியவருக்குக் காட்டியபின், ஊரார் அறிய வேண்டியது இவர் திரும்பி வரலாம் என்ற ஒன்றையே. அதே நூல் நோயுற்றவரைத் 'தீட்டு, தீட்டு' என்று கூவிக்கொண்டே செல்லவும் பணித்தது. நம் விடுப்புப் படிவத்தின் கட்டம் இவ்விரண்டுள் எதற்கு நெருக்கமானது?

இனி, கட்டத்தில் வேறு பெயர் எழுதியவரின் மனச்சான்றுக்கு வருவோம். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, 2489ஆம் எண்ணில், அறியும் உரிமை இல்லாதவரிடம் உண்மையை வெளிப்படுத்த எவரும் கடமைப்பட்டவர் அல்லர் என்று கற்பிக்கிறது. மௌனம் காக்கலாம், பொய் சொல்லும் அனுமதியாக இதைக் கொள்ள முடியாது. இந்த வேறுபாடு தெளிவானதுதான். ஆனால் வெற்றிடம் விட்டால் விண்ணப்பம் திருப்பி அனுப்பப்படும் என்ற நிலையில், மௌனத்துக்கு இடம் எங்கே இருக்கிறது? மெய்யைச் சொல்லி மானத்தை இழப்பதும், பொய்யைச் சொல்லி மனச்சான்றை இழப்பதுமாக இரண்டு வழிகளை மட்டும் நோயாளிக்கு விட்டுவைத்தவர்கள், அவர் இரண்டாவதைத் தேர்ந்தார் என்று குற்றம் சாட்டத் தகுதி உடையவர்களா? எழுதியவரின் பொறுப்பு முற்றிலும் நீங்கிவிடும் என்று நான் கூறேன். பொறுப்பில் ஒரு பங்கு அந்தக் கட்டத்தை அச்சிட்டவருக்கும் உண்டு என்கிறேன்.

கடினமான சூழல்கள் இல்லாமலில்லை. பள்ளிப் பேருந்தை ஓட்டுபவருக்கு வலிப்பு வருமானால், விடுதிச் சமையற்காரருக்குப் பரவும் நிலையில் காசநோய் இருக்குமானால், மறைப்பது பிறர் உயிரோடு விளையாடுவதாகும். காசநோயைக் கண்டறிந்த மருத்துவர் அரசுக்கு அறிவித்தே தீர வேண்டும் என்பது 2012 முதல் நம் நாட்டின் நடைமுறை. ஆனால் அவர் அறிவிப்பது சுகாதாரத் துறைக்கு. விடுதிக் காப்பாளருக்கு, இவர் இன்ன நாள்வரை சமையலறைக்குள் வரலாகாது என்பதே போதும். ஓட்டுநரின் மேலாளருக்கு, இவரிடம் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்பதே போதும்.

அரசு விதிகளின் படிவத்தை நாம் திருத்த இயலாது. உதவிபெறும் பள்ளிகள் அதற்குக் கட்டுப்பட்டவை. அங்கும்கூடச் சான்றிதழை உறையிலிட்டுத் தலைமையாசிரியர் ஒருவரே பிரிப்பது என்ற வழக்கத்தை எவரும் தடுக்கப்போவதில்லை. சுயநிதிப் பள்ளிகள், மருத்துவமனைகள், மறைமாவட்ட நிறுவனங்கள் ஆகியவற்றின் விடுப்புப் படிவங்களோ நாமே அச்சடித்தவை. 'நோயின் தன்மை' என்ற கட்டத்தை எடுத்துவிட்டு, 'பணிக்கு இயலாத நாள்கள்', 'திரும்பியபின் தவிர்க்க வேண்டிய வேலைகள்' என்று இரண்டு கட்டங்களைப் போடுவதற்கு எந்த அலுவலகத்தின் ஆணையும் தேவையில்லை. வரும் கல்வியாண்டுக்குரிய படிவங்கள் அச்சகத்துக்குச் செல்லும் முன் நம் தாளாளர்கள் ஒருமுறை அவற்றை எடுத்துப் படித்துப் பார்க்கலாம்.