ஔஷத தானமும் அபய தானமும்

இல்லறத்தார்க்கு உரிய நால்வகைத் தானங்களை நம்மில் அறியாதார் இலர். உணவு, மருந்து, கல்வி, அடைக்கலம் என்னும் அந்நான்கனுள், ஔஷத தானம் பிணியுற்றார் துயரைத் துடைப்பது. அபய தானம் எவ்வுயிர்க்கும் நம்மால் அச்சம் வாராமல் காப்பது. இவ்விரண்டும் ஒன்றோடொன்று முரண்படுமாயின் என் செய்வது? ஒருவர்க்கு மருந்தாவது மற்றோர் உயிரின் அழிவிலிருந்து வருமாயின் அதனை அறம் என்பதா? உயிரணுக்களை இடம் மாற்றி நட்டுச் சிதைந்த திசுவைச் சீர்செய்யும் மருத்துவம் வளர்ந்து வரும் இந்நாளில், இவ்வினா நம் வீட்டு வாயிலுக்கே வந்துவிட்டது.

கண்ணை எடுத்துக்காட்டாகக் கொள்வோம். கருவிழியும் வெண்விழியும் கூடும் விளிம்பில் ஸ்டெம் செல் எனப்படும் மூல உயிரணுக்கள் உள்ளன. கருவிழியின் மேற்படலம் தேயத் தேய அதனைப் புதுப்பிப்பவை இவையே. வெற்றிலைக்கு இடும் சுண்ணாம்புப் பொட்டலம் குழந்தையின் கையில் பிதுங்கிக் கண்ணில் தெறித்தால், இவ்வணுக்கள் வெந்து அழிகின்றன. பின்னர் வெண்விழியின் மேல்தோல் இரத்த நாளங்களோடு கருவிழிமேல் படர்ந்து பார்வையை மறைக்கிறது. இறந்தோர் ஈந்த கருவிழியை மட்டும் பொருத்தினால் அது நிலைப்பதில்லை. புதுப்பிக்கும் ஊற்றே வற்றிவிட்டதன்றோ!

1997-ஆம் ஆண்டில் இத்தாலிய ஆய்வாளர்களான கிராசியெல்லா பெல்லெக்ரினி, மிக்கேலே டி லூக்கா முதலியோர் ஒரு வழி கண்டனர். நோயாளியின் நலமுள்ள மறு கண்ணின் விளிம்பிலிருந்து 1 முதல் 2 சதுர மில்லிமீட்டர் திசுவை எடுத்து, ஆய்வகத்தில் வளர்த்து, புண்பட்ட கண்ணில் பொருத்தினர். இருவர் இதனால் நலம் பெற்றனர். அரிய செயல்தான். ஆயினும் இவ்வகை வளர்ப்புக்கு எலியின் உயிரணுக்கள் படுகையாகவும், கன்றுக் கருவின் சீரம் ஊட்டமாகவும் வேண்டியிருந்தன. அந்தச் சீரம், சினைப்பசு கொல்லப்பட்டபின் அதன் கருவின் இதயத்தில் ஊசி செலுத்தி எடுக்கும் குருதியிலிருந்து பெறப்படுவது.

“பசு இறைச்சிக்காகக் கொல்லப்பட்டது; வீணாகும் குருதியைப் பயன்படுத்துவதில் பிழை என்ன?” என்பார் உளர். செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என மூவகையாலும் வினை சேரும் என்பது நம் அறநெறி. விலை கொடுத்து வாங்கும் பொருள் வீணாகும் பொருளன்று. ஆனால், அக்காரணம் காட்டிக் குழந்தையின் கண் இருளட்டும் என வாளாவிருத்தலும் அறமாகாது. கருணையற்ற அகிம்சை வெறும் ஒதுங்கலேயாகும். ஏற்றலும் மறுத்தலும் அன்றி மூன்றாவதாக ஒரு வழி உண்டு; அது முறையைத் திருத்துதல்.

அவ்வழியை ஐதராபாத்தின் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்தில் காண்கிறோம். அங்குள்ள மருத்துவர்கள் விலங்குப் பொருளை விலக்கி, நோயாளியின் சொந்தக் குருதியிலிருந்து எடுத்த சீரத்தைக் கொண்டே அணுக்களை வளர்த்தனர். இவ்வாறு 200 பேர்க்குச் செய்த பத்தாண்டுப் பட்டறிவை 2011-இல் வெளியிட்டனர். 71 விழுக்காட்டினர்க்குப் பயன் கிட்டியது.

2012-இல் விரேந்தர் சங்வான் முதலியோர் இன்னும் எளிய முறையை அறிவித்தனர். மறு கண்ணிலிருந்து எடுத்த சிறு திசுவைப் பல துணுக்குகளாக்கி, மகப்பேற்றின்பின் தாய்மார் ஈந்த பனிக்குடச் சவ்வைக் கருவிழிமேல் விரித்து, அதன்மீது வட்டமாகப் பதித்தனர். அணுக்கள் கண்ணிலேயே பெருகிப் படர்ந்தன. ஆய்வக வளர்ப்பே வேண்டாததாயிற்று, செலவும் குறைந்தது. 2016-இல் வெளிவந்த ஆய்வில் 125 பேர்க்கு இம்முறை செய்யப்பட்டிருந்தது. அவர்களுள் 60 பேர் குழந்தைகள். 76 விழுக்காட்டினர்க்கு வெற்றி கிட்டியது. ஊறு குறைந்ததால் பயன் குன்றவில்லை என்பது சிந்திக்கற்பாலது.

இம்மருத்துவம் முற்றிலும் மாசற்றது என்று சொல்ல இயலாது. இதன் அடிப்படை அறிவுள் ஒரு பகுதி விலங்காய்வுகளால் வந்தது. இரு கண்களும் பழுதுற்றார்க்குப் பிறர் திசு வேண்டும். அதனை உடல் ஒதுக்காதிருக்க வலிய மருந்துகளும் வேண்டும். ஆனால் இல்லறத்தாரின் அணுவிரதம் முழுமையைக் கேட்பதன்று; நாளும் ஊறு குறையும் திசையில் நடக்கச் சொல்வது. அம்முயற்சியை நிறுத்துவதே குற்றம்.

ஆகவே நம் இல்லத்தில் ஒருவர்க்கு இத்தகைய மருத்துவம் வேண்டிவரின் அஞ்சி விலக வேண்டா. “அணுக்கள் எதில் வளர்க்கப்படுகின்றன? விலங்குப் பொருளற்ற முறை உண்டா?” எனப் பணிவுடன் கேட்போம். பலர் கேட்கும் கேள்வி மருத்துவர்க்கும் தூண்டுதலாகும். மாற்று இல்லையெனில் பிணியாளரைக் காப்போம், கேட்பதை நிறுத்தோம்.

கவனமின்மையே ஹிம்சையின் வேர் என்பர் நம் ஆசாரியர். சுண்ணாம்பைக் குழந்தைகளின் கைக்கு எட்டாமல் வைப்போம். தவறிக் கண்ணில் பட்டால், ஒரு நொடியும் தாழ்த்தாது தூய நீரால் நெடுநேரம் கழுவி, மருத்துவரிடம் விரைவோம். எவ்வுயிர்க்கும் ஊறின்றிச் செய்யத்தக்க ஔஷத தானம் அதுவே.