இரக்கமும் மதிப்பும்: திரையில் உடற்குறை உடையோர்

பிறர் துன்பங் கண்டு உருகுதல் உயர்ந்த பண்பு என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. ஆயின், உருகும் நெஞ்சம் துன்புறுவோரைத் தனக்கு நிகரான மனிதராக மதிக்கின்றதா என்பது வேறொரு வினா. தமிழ்த் திரைப்படங்கள் உடற்குறை உடையோரைக் காட்டும் முறை இவ்வினாவை எழுப்புகின்றது.

அவர்களை நகைப்புக்கு உரியோராக்கும் படங்களின் தவறு வெளிப்படையானது. பலராலும் போற்றப்பட்ட படங்களின் முடிவுகளே ஆழ்ந்து நோக்கத்தக்கன. 1959 இல் வெளிவந்த 'பாகப்பிரிவினை'யில், மின்சாரம் தாக்கிக் கையும் காலும் செயலிழந்த கண்ணையன், இறுதியில் மீண்டும் மின்சாரம் தாக்கவே குணமடைகின்றான். 1990 இல் வந்த 'அஞ்சலி'யில் மனவளர்ச்சி குன்றிய குழந்தை இறந்துபோகின்றது. 2009 இல் வந்த 'நான் கடவுள்' பார்வையற்ற பெண்ணுக்குச் சாவையே விடுதலையாக அளிக்கின்றது. இந்த ஐம்பது ஆண்டுகளில் நடிப்பும் நெறியாள்கையும் பெரிதும் மாறின. ஆயினும், குறையுள்ள உடலோடு ஒருவர் நாளையும் வாழ்வார் என்னும் எளிய உண்மைக்கு இம்மூன்று முடிவுகளிலும் இடமில்லை. பார்வையாளர் கண்ணீர் விடுகின்றார். கதை முடிவதோடு அவர் கடனும் முடிந்துவிடுகின்றது.

உணர்ச்சிமிக்க முடிவின்றிக் கதை சுவைக்குமா எனச் சிலர் வினவலாம். 2007 இல் ராதாமோகன் இயக்கிய 'மொழி' இதற்கு விடையாகும். அதில் செவிப்புலனும் பேச்சும் அற்ற அர்ச்சனா குணமடைவதுமில்லை, இறப்பதுமில்லை. தந்தை கைவிட்டமையால் விளைந்த அச்சமே அவள் கடக்க வேண்டிய தடை. அதனை எழுப்பியது அவள் செவியன்று. ஒரு மனிதனின் செயல்.

இந்திய உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் வழங்கிய தீர்ப்பொன்று, உடற்குறையை இழிவுபடுத்தும் நகைச்சுவையையும் அதனைப் புரியவைக்கும் நகைச்சுவையையும் வேறுபடுத்தியது. இத்தகையோரைச் சித்திரிக்கையில் அவர்களையும் கலந்தாலோசிக்க வேண்டும் என வலியுறுத்தியது. நீதிமன்றம் இழிவைத் தடுக்கலாம். இரக்கத்தை மதிப்பாக மாற்றுவது அதன் ஆற்றலுக்கு அப்பாற்பட்டது.

ஈழத்தில் இது கலை பற்றிய வினா மட்டுமன்று. கண்ணிவெடியும் எறிகணையும் பலரின் கைகால்களைப் பறித்த மண் இது. மன்னார்க் கரையிலுள்ள முள்ளிக்குளத்து மக்கள் 2007 இல் இடம்பெயர்க்கப்பட்டனர்; கடற்படையினர் வசமிருந்த நிலத்தை மீட்க 2017 இல் அறவழியில் போராடினர். அவர்கள் வேண்டியது பிறர் இரக்கத்தை அன்று, தமக்கு உரியதை. போரில் காலிழந்த ஒருவரின் வேண்டுகையும் அத்தகையதே. பாடசாலை வாயிலில் ஒரு சாய்தளம், பேருந்தில் ஏற ஒரு வழி, உழைத்துண்ண ஒரு தொழில் என்பன அவர் கேட்பவை. கல்வியிலும் தொழிலிலும் உடற்குறை காரணமாக வேறுபாடு காட்டலாகாது என இலங்கையின் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டமும் கூறுகின்றது.

திரையில் அற்புதத்தால் குணமடையும் நாயகனைக் கண்டு மகிழ்ந்து வெளியேறும் சமூகம், படியேற இயலாது வாயிலில் நிற்பவரும் ஓர் அற்புதத்துக்காகக் காத்திருக்கின்றார் என எண்ணிவிடுகின்றது. அவர் காத்திருப்பது அதற்கன்று. மாற வேண்டியது அந்தப் படியே. அதனைக் கட்டியவர்களும் மாற்ற வல்லவர்களும் மனிதர்களே.