ஓணானுக்கு யார் கொடுத்தது கால்சியம்?

ரிஷிவந்தியம் பக்கம் காலை பத்து மணி வெயிலில் பஸ்ஸில் போனால், ஜன்னலோரம் உட்கார்ந்து வேலிகளைக் கவனியுங்கள். (2011-ல் விஜயகாந்த் ஜெயித்த தொகுதி என்றால் சட்டென்று ஞாபகம் வரும்.) கரும்புக் கொல்லை முள்வேலியில் அங்கங்கே ஒரு ஓணான் உட்கார்ந்து தலையை ஆட்டிக்கொண்டிருக்கும். நமக்கு அது மண்டையைப் பிளக்கிற வெயில். அதற்கோ மருந்துக்கடை!

வெயிலிலுள்ள புற ஊதாக் கதிர் தோலில் பட்டால் உடம்புக்குள் வைட்டமின் டி3 தயாராகிறது. அது இருந்தால்தான் தின்ற பூச்சியிலுள்ள கால்சியத்தைக் குடல் இழுத்துக்கொள்ளும், எலும்புக்கு அனுப்பும். டாக்டர் ஃபீஸ் கிடையாது, பில் கிடையாது.

இந்த ஓணானின் தூரத்துச் சொந்தங்கள் சில இப்போது நகரத்து ஃபிளாட்டுகளில் குடியிருக்கின்றன. தென் அமெரிக்கக் காட்டின் பச்சை இகுவானா, ஆஸ்திரேலியப் பொட்டல் மண்ணின் தாடிக்கார ஓணானான பியர்டட் டிராகன்... கண்ணாடித் தொட்டி, தலைக்கு மேல் ஒரு ஸ்பெஷல் விளக்கு, பக்கத்தில் கால்சியம் பவுடர் டப்பா. தாடிக்காரருக்குப் போடுகிற சுவர்க்கோழிப் பூச்சியில் கால்சியத்தைவிட பாஸ்பரஸ் அதிகம். அதனால் பஜ்ஜி மாவில் வாழைக்காயைப் புரட்டுகிற மாதிரி, பூச்சியைப் பவுடரில் புரட்டிப் போடுகிறார்கள்.

போடாவிட்டால்? ரத்தத்தில் கால்சியம் குறையும்போது உடம்பு தன் எலும்பையே கரைத்து ஈடுகட்டும். தாடை ரப்பர் மாதிரி ஆகிவிடும். கால் வளையும், விரல் நடுங்கும். சரி, டி3-யை அள்ளிப் போட்டால்? அது கொழுப்பில் தங்குகிற சரக்கு. அளவு மீறினால் சிறுநீரகத்திலும் ரத்தக்குழாயிலும் சுண்ணாம்பு படியும். ‘ஜன்னலோரம் வெச்சா வெயில் படுதே’ என்பார்கள். வெளிச்சமும் சூடும் வரும். வேண்டிய கதிரைக் கண்ணாடி வடிகட்டிவிடும். விளக்கும் லேசுப்பட்டதில்லை. பல விளக்குகளில் ஆறு மாசம், ஒரு வருஷத்தில் அந்தக் கதிர் தேய்ந்துவிடும்; பல்பு மட்டும் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கும். வீட்டில் அத்தனை பேரும் உயிரையே வைத்திருக்க, எலும்பு கரைந்து ஒரு பிராணி செத்துப்போவது இப்படித்தான்.

இப்போது சொல்லுங்கள். அந்தப் பவுடர் கருணையா, கடனா?

ஒருவனுடைய சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டு, தினமும் அவனுக்குப் பொட்டலம் கட்டிக் கொடுக்கிறோம். பொட்டலம் சுத்தமானது, நேரம் தவறுவதில்லை. அதை அன்னதானம் என்று சொல்லலாமா? எனக்கு மனசு வரவில்லை. சூரியனைப் பிடுங்கிக்கொண்டவர் திருப்பித் தருகிற தவணை அது. தவணையை ஒழுங்காகக் கட்டுகிறவர் நாணயமானவர், சந்தேகமில்லை. வள்ளல் என்பதுதான் இடிக்கிறது.

நீங்கள் மடக்குவீர்கள்: “நாம மட்டும் என்ன வாழுதாம்? ஏ.சி. ரூமில் உட்கார்ந்துவிட்டு, வாரத்துக்கு ஒரு அறுபதாயிரம் யூனிட் மாத்திரை போடுறோமே!” நியாயம்தான். வெயில் கொட்டிக் கிடக்கிற தமிழ்நாட்டில் வெயிலை மாத்திரையாக வாங்கி விழுங்குவது வேடிக்கைதான். ஆனால், நம் தொட்டிக்குள் நாமாக ஏறிப் படுத்தோம். இ.எம்.ஐ.கூடக் கட்டுகிறோம். மனசிருந்தால் மொட்டைமாடிக்குப் போகலாம். இகுவானாவுக்கு மாடிப்படி தெரியாது.

இன்னொரு பக்கம், ராமருக்கு அணில் உதவியது, ஓணான் உபத்திரவம் செய்தது என்ற கதையைக் கேட்டுவிட்டு வேலி ஓணானைக் கல்லால் அடிக்கிற கிராமத்துப் பையன். அவன் செய்வது கொடுமை. மறுப்பே இல்லை. ஆனால் அவன் கல் பாதி நேரம் குறி தவறும். ஓணான் அடுத்த வேலிக்கு ஓடிப்போய், அங்கேயும் வெயில் காயும். ஆசையாக வளர்ப்பவரிடம் அந்த ‘அடுத்த வேலி’ கிடையாது. அவர் மறந்தால் மறந்ததுதான்.

வாங்கியாகிவிட்டது, இனி என்ன செய்வது? ஏரிக்கரையில் விட்டுவிடலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் தப்பிய, கைவிடப்பட்ட இகுவானாக்கள் பெருகி ஊருக்கே தலைவலியாகிவிட்டன. இங்கே, 2024 பிப்ரவரியில் வந்த விதிகளின்படி, சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள இகுவானா போன்றவற்றை வைத்திருப்பவர்கள் அரசிடம் பதிவு செய்தாக வேண்டும். வாங்கும்போது ரசீது இருந்ததா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள்ளிருந்து பிடிபடுகிற ஊர்வன எத்தனை!

நன்றாகப் பார்த்துக்கொண்டால் இகுவானா பதினைந்து வருஷத்துக்கு மேலேயும் இருக்கும். ஏழாவது படிக்கிற மகள் ஆசைப்பட்டாள் என்று வாங்கியிருப்பீர்கள். அவள் ஹாஸ்டலுக்குப் போன பிறகு பவுடர் போடப்போவது யார் என்பதை, இன்று ராத்திரி சாப்பாட்டின்போது வீட்டில் பேசி முடிவு செய்துவிடுங்கள்.