தாயாரின் திருவுள்ளமும் ஜானகி அம்மாளின் வாழ்வும்

நாமக்கல் க்ஷேத்திரத்துக்கு வரும் சேவார்த்திகள், ஊரை நெருங்கும்போதே ஒரே கல்லாய் ஓங்கி நிற்கும் மலையையும் அதன் முடியிலுள்ள கோட்டையையும் காண்கிறார்கள். கண்டகி நதியிலிருந்து ஆஞ்சநேயர் கொணர்ந்த சாளக்கிராமமே இம்மலையாயிற்று என்பது ஸ்தல புராணம். மலையின் மேற்குப் பக்கத்துக் குடைவரையில் நரசிம்மப் பெருமான் வீற்றிருக்கிறான். எதிரே 18 அடி உயரத்தில், மேற்கூரையின்றி, வெயிலிலும் மழையிலும் கைகூப்பி நிற்கிறார் ஆஞ்சநேயர். நாமகிரித் தாயாரோ தனிச் சந்நிதியில் எழுந்தருளியிருக்கிறாள்.

தாயாரை முன்னிட்டே பெருமாளைப் பற்ற வேண்டும் என்பது நம் பூர்வாசாரியர்கள் காட்டிய வழி. சேதநனுடைய குற்றங்களைக் கண்டு பெருமாள் சீறும்போது, தன் கருணையால் அவன் சீற்றத்தை ஆற்றி, “இவனும் நம் குழந்தையன்றோ” என்று பரிந்து பேசுபவள் அவள். இதனையே புருஷகாரம் என்பர். பிள்ளை லோகாசாரியர் ஸ்ரீவசனபூஷணத்தில், பிராட்டி மூன்று முறை எம்பெருமானைப் பிரிந்ததை எடுத்துக்கொண்டு, முதற்பிரிவு அவளது கிருபையையும், நடுப்பிரிவு அவளது பாரதந்திரியத்தையும், இறுதிப் பிரிவு அவள் அவனுக்கே உரியவள் என்பதையும் வெளிப்படுத்தின என்று அருளிச்செய்கிறார். பிரிவும் கருணைக்கு ஒரு வாயிலாகலாம் என்னும் இந்த நுட்பத்தை நினைக்குந்தோறும், பிராட்டியின் திருநாமத்தையே தாங்கி, நாமகிரித் தாயாரோடு தொடர்புடைய ஓர் இல்லத்தில் விளக்கேற்ற வந்த ஒரு பெண்மணியின் சரிதம் நெஞ்சில் எழுகிறது. மானிடரைப் பிராட்டிக்கு ஒப்பிடுவது அபசாரம். ஆனால் அவளுடைய குணத்தில் ஒரு திவலை அடியார்களிடத்தே தெறித்து விழுவதைக் கண்டு மகிழ்வதில் குற்றமில்லை.

கணித மேதை ஸ்ரீநிவாச ராமானுஜனை அறியாதார் இல்லை. ஈரோட்டில் வாழ்ந்த அவருடைய தாய்வழிப் பாட்டி ரங்கம்மாள் நாமகிரித் தாயாரிடம் ஆழ்ந்த பக்தி பூண்டவர். தம் பெண் கோமளத்தம்மாளுக்கு மணமாகிச் சில ஆண்டுகள் சந்தானம் இல்லாதிருந்தபோது தாயாரை வேண்டிக்கொண்டனர். 1887 டிசம்பர் 22 அன்று ஈரோட்டில் பிள்ளை பிறந்தான். கும்பகோணத்தில் ஜவுளிக் கடை குமாஸ்தாவின் சொற்ப சம்பளத்தில் குடும்பம் நடத்திய கோமளத்தம்மாள், கோயிலில் பஜனை பாடிக் கிடைத்த சிறு தொகையையும் சேர்த்துப் பிள்ளையை வளர்த்தார். கனவில் நாமகிரி தனக்குக் கணிதம் காட்டுகிறாள் என்று அப்பிள்ளை வளர்ந்த பின் நண்பர்களிடம் கூறுவதுண்டு. கடல் கடப்பது ஆசாரத்துக்கு விரோதம் என்று வீட்டார் தயங்கிய காலத்தில், 1913ஆம் ஆண்டின் இறுதியில் அவர் நாமக்கல்லுக்கு வந்து சந்நிதியில் மூன்று இரவுகள் கிடந்து தாயாரின் அனுமதி பெற்றார் என்பர். தாயாருக்கும் அந்தத் தாய்க்கும் பிள்ளைக்கும் உள்ள இக்கதை பலரும் கேட்டதே.

ஆனால் மருமகளாய் வந்தவரின் கதையைச் சொல்வார் குறைவு.

நாமக்கல்லிலிருந்து தெற்கே காவிரியைக் கடந்தால் கரூர். அதன் கிழக்கே, காவிரியின் தென்கரைப் பகுதியில் உள்ளது ராஜேந்திரம் என்னும் சிற்றூர். ஜானகி அவ்வூரில் 1899 மார்ச் 21 அன்று பிறந்தார். 1909 ஜூலை 14 அன்று, பத்து வயதில், ராமானுஜனுக்கு வாழ்க்கைப்பட்டார். பள்ளிப் படிப்பு பெரிதாக வாய்க்கவில்லை. கணவரோடு குடித்தனம் செய்ய வந்தது 1912ஆம் ஆண்டில். 1914 மார்ச் 17 அன்று கணவர் கப்பலேறிவிட்டார். தாமும் உடன் வருவதாகக் கேட்ட இளம் மனைவிக்கு அது கிட்டவில்லை. பின்வந்த ஐந்தாண்டுகளில் மாமியாருக்கும் நாட்டுப்பெண்ணுக்கும் மனம் ஒத்துப்போகவில்லை. அவர் எழுதிய கடிதங்கள் கணவர் கைக்குப் போய்ச் சேரவுமில்லை. இதனை மறைத்து எழுதுவதால் எவருக்கும் பெருமையில்லை. பிள்ளையின் மேல் வைத்த பாசமே சில வேளை வாசற்கதவுக்குத் தாழ்ப்பாளாகிவிடுகிறது.

1919 மார்ச்சில் ராமானுஜன் திரும்பியபோது எலும்பும் தோலுமாக இருந்தார். நீயும் உடன் வந்திருந்தால் இந்நோய் வந்திராது என்று அவர் சொன்னதாக அம்மையார் பிற்காலத்தில் நினைவுகூர்ந்தார். கடைசி ஓராண்டு, வேளைதோறும் வெந்நீர் ஒத்தடம் கொடுப்பதும், கேட்டபோது கற்பலகையை எடுத்துத் தருவதும், எழுதி முடித்த தாள்களைப் பொறுக்கி அடுக்கி வைப்பதுமே அவருக்குக் கைங்கரியம். அத்தாள்களில் இருந்தது இன்னதென்று அவர் அறியார். வலியை மறக்கக் கணவர் எழுதுகிறார் என்பது மட்டும் தெரியும். பொருள் அறிந்து செய்யும் தொண்டுக்கு ஒரு சுவை உண்டு. அறியாமலே, ஒரு தாளும் தவறாமல் செய்யும் தொண்டுக்கு வேறொரு சுவை உண்டு. பிந்தியது அரிது.

1920 ஏப்ரல் 26 அன்று சென்னை சேத்துப்பட்டில் ராமானுஜன் பரமபதித்தார். ஜானகிக்கு வயது 21. சேர்ந்து வாழ்ந்த காலத்தைக் கூட்டிப் பார்த்தால் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். எதிரே இருந்தவையோ 74 ஆண்டுகள்.

அக்காலத்து ஆசாரத்தில் இளம் விதவைக்கு வீட்டின் பின்கட்டு ஒன்றே உலகம். ஜானகி அம்மாள் அதற்கு உடன்படவில்லை. பம்பாயில் தமையனார் இல்லத்தில் சில ஆண்டுகள் தங்கித் தையலும் பூவேலையும் பயின்றார். ஆங்கிலமும் கற்றார். பின்னர் சென்னைக்குத் திரும்பி, பார்த்தசாரதிப் பெருமாள் கோயில் கொண்ட திருவல்லிக்கேணியில், அனுமந்தராயன் கோயில் தெருவில் குடியேறினார். சர்வகலாசாலை அளித்த உபகாரச் சம்பளம் மாதம் 20 ரூபாய். எஞ்சியதைத் தையல் இயந்திரத்தை மிதித்தே ஈட்டினார். தாம் கற்றதைத் தெருப் பெண்களுக்கும் கற்பித்தார். ஒரு பெண்ணுக்கு ஊசியும் நூலும் பிடிக்கக் கற்றுத் தருவது, அவள் பிறர் கையை எதிர்பாராமல் உண்ண வழி செய்வதாகும். அன்னதானத்தினும் இது சற்று மேலானது என்று சொன்னால் பாகவதர்கள் கோபிக்க மாட்டார்கள்.

1950ஆம் ஆண்டில் அவருடைய சிநேகிதி ஒருவர் திடீரெனக் காலமானார். ஏழு வயதுப் பாலகன் ஒருவன் நிராதரவாய் நின்றான். ஐம்பது வயதைக் கடந்து தனியே வாழ்ந்த அம்மையார் அச்சிறுவனைத் தம் பிள்ளையாய் ஏற்றார். தையலில் வந்த காசில் பள்ளிக்கு அனுப்பி, கல்லூரிப் படிப்பும் முடிக்கச் செய்தார். அவன் வங்கி அதிகாரியாகி, மணமாகி, அதே தாயை முதுமையில் காத்தான். கோமளத்தம்மாள் விரதமிருந்து பெற்ற பிள்ளை நாமகிரி தந்த வரமென்றால், ஜானகி அம்மாள் பெறாமல் பெற்ற இந்தப் பிள்ளையை வேறு யார் தந்தது? கன்றின் உடம்பில் உள்ள வழும்பைத் தாய்ப்பசு அருவருக்காமல் நக்கும் குணத்தை வாத்ஸல்யம் என்பர். தான் ஈன்ற கன்றுக்கு மட்டுமே அது சுரக்கும் என்று பசுவைப் பற்றிச் சொல்லலாம். தாயாரின் சுபாவம் அதுவன்று.

ஏழைப் பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கும் அவர் உதவி வந்தார் என்பர் அறிந்தோர். இதில் கவனிக்கத்தக்க ஒரு செய்தி உண்டு. 1919 ஜனவரியில் ராமானுஜன் இங்கிலாந்திலிருந்து சென்னைச் சர்வகலாசாலைக்கு எழுதிய கடிதத்தில், தமக்குக் கிடைக்கும் தொகையில் பெற்றோருக்கு ஆண்டுக்கு 50 பவுன் கொடுத்து, தம் செலவு போக மீதியை ஏழை மாணவர், அநாதைகள் ஆகியோரின் கட்டணத்துக்கும் புத்தகங்களுக்கும் செலவிட வேண்டும் என்று கேட்டிருந்தார். அவ்விருப்பம் முற்றுப்பெற அவருக்கு ஆயுள் போதவில்லை. மனைவியின் தையல் இயந்திரம் அதில் ஒரு பகுதியை எடுத்துக்கொண்டது.

தமக்கென்று அவர் கேட்டது ஒன்றே: கணவருக்கு எழுப்புவதாகச் சொன்ன சிலை எங்கே என்பது. பத்திரிகையில் வெளிவந்த அக்கேள்வி கடல் கடந்து அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கியின் செவியில் விழுந்தது. பல நாட்டு அறிஞர்கள் பொருளுதவி செய்ய, பால் கிரான்லண்ட் என்னும் சிற்பி வெண்கலத்தில் மார்பளவுச் சிலைகள் வடித்தார். ஒன்று திருவல்லிக்கேணி இல்லத்துக்கே வந்து சேர்ந்தது.

அடுக்கி வைத்த தாள்கள் என்னவாயின? அவை சர்வகலாசாலை வழியே இங்கிலாந்து சென்று, கண்ணுக்குத் தப்பிக் கிடந்தன. 1976ஆம் ஆண்டில் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் என்னும் அறிஞர் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் ஒரு பெட்டிக்குள்ளிருந்து 100க்கு மேற்பட்ட பக்கங்களைக் கண்டெடுத்தார். 600க்கு மேற்பட்ட சூத்திரங்கள் அவற்றில் இருந்தன. 1987 டிசம்பர் 22, ராமானுஜனின் நூற்றாண்டு நாளில், அவை நூலாகச் சென்னையில் வெளியிடப்பட்டன. பிரதமர் ராஜீவ் காந்தி முதற்பிரதியை ஜானகி அம்மாளிடம் அளித்தார். 67 ஆண்டுகளுக்கு முன் படுக்கையருகே குனிந்து பொறுக்கிய தாள்கள், அச்சாகி, அதே கைகளுக்குத் திரும்பி வந்தன. அப்போது அவருக்கு வயது 88. 1994 ஏப்ரல் 13 அன்று திருவல்லிக்கேணி இல்லத்திலேயே ஆசாரியன் திருவடி அடைந்தார்.