தொலைவின் கொடையும் அருகின் கடமையும்

உயிர்களிடத்து அன்பு செலுத்துவதற்கு நாட்டெல்லை தடையாகாது. ஆயின், ஒரு நாட்டின் தெருவில் அலையும் நாயின் நலத்தை வேறொரு நாட்டில் வாழ்வோர் பேணுதல் எங்ஙனம்? பொருள் உதவினால் போதுமா? வழியையும் அவர்களே வகுத்தல் வேண்டுமா? இவ்வினா அறத்தின்பாற்பட்டது.

விலங்குவதையைத் தடுக்கும் சங்கம் இலண்டனில் 1824-ஆம் ஆண்டில் தோன்றியது. 1981-இல் இரண்டு பன்னாட்டு அமைப்புகள் இணைந்து உலக விலங்குப் பாதுகாப்புச் சங்கம் உருவாயிற்று. இத்தகைய பேரமைப்புகள் உள்ளூர்ச் சங்கங்களுக்குப் பொருளும் பயிற்சியும் அளிக்கின்றன, அரசுகளோடு பேசுகின்றன. ஆனால் நாள்தோறும் நாய்க்கு உணவிடுவோரும், அதனைக் கருத்தடைக்குக் கொண்டு செல்வோரும் உள்ளூராரே.

பேராக் மாநிலத்தை எண்ணிப் பார்ப்போம். ரப்பர்த் தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபோது, லயங்களில் வாழ்ந்த மக்கள் பலர் நகர்ப்புற அடுக்குமாடிகளில் குடியேறினர். லயத்து வாசலில் காவல் கிடந்த நாய்க்கு அங்கே இடமில்லை. “மனிதனே வீடிழந்து தவிக்கையில் நாய்க்கு இரங்குவதா?” என்று கேட்பார் உளர். அக்கேள்வியை இகழ்தல் தகாது. எனினும், மனிதனையும் நாயையும் ஒருங்கே வெளியேற்றியது ஒரே விற்பனைப் பத்திரம் அன்றோ? ஒரு துயருக்கு இரங்குவோர் மற்றதற்குக் கண்மூடுதல் முறையாகாது. தொலைவிலிருந்து நோக்குவோர்க்கு அது வெறும் தெருநாய். அதன் பின்னே ஒரு குடும்பத்தின் கதை உண்டு என்பதை ஊரார் அறிவர். அண்டை வீட்டாருள் சிலர் சமய நெறியால் நாயைத் தீண்டாதவர் என்பதையும், அவர்தம் மனம் நோகாமல் செயலாற்றும் வகையையும் அவர்களே அறிவர்.

2015-இல் பெர்லிஸ், கெடா, பினாங்கு மாநிலங்களில் வெறிநாய்க்கடி நோய் பரவியபோது தெருநாய்கள் கொல்லப்பட்டன. கொலையால் அந்நோய் அடங்காது. பெரும்பாலான நாய்களுக்குத் தடுப்பூசி இடுவதே பயன் தரும் என்பது உலக அறிஞர் துணிபு. ஈண்டு வெளியுலக அறிவு இன்றியமையாதது. ஆயின் அவ்வறிவு தெருவில் செயலாவதற்கு ஊராரின் நம்பிக்கை வேண்டும். ஈப்போவில் கருத்தடைப் பணி புரியும் தொண்டர்கள் ஈட்ட முயல்வது அந்நம்பிக்கையையே.

சென்னை இதற்குச் சான்று. கேப்டன் வி. சுந்தரம் 1959-இல் தொடங்கிய புளூ கிராஸ், நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடையை 1964 முதல் வலியுறுத்தியது. மாநகராட்சி அதனை ஏற்றதோ 1996-இல்! முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஒரே கோரிக்கையோடு காத்திருக்க, அம்மண்ணிலேயே வாழ்வோரால் அன்றி யாரால் இயலும்?

ஆகவே, கொடுப்போர் முதலில் கேட்டறிதல் வேண்டும். பெறுவோர் கணக்குக் காட்டுவதோடு, தவற்றைத் துணிந்து சுட்டவும் வேண்டும். பொருள் நின்ற பின்னும் பணி நிற்காதாயின் அவ்வுதவி அறம். உதவியோடு பணியும் ஓய்ந்துவிடின் அது விளம்பரமே.